பேட்டரி புதிது, ஆல்டர்னேட்டரும் மாற்றியாயிற்று, காலையில் வண்டி எழவே மாட்டேன் என்கிறது (2007 ஆல்டிஸ்)

ஈசூன்_ஆல்டிஸ் | திங்கள், இரவு 10:42

வணக்கம். வண்டி 2007 கொரோல்லா ஆல்டிஸ் 1.6, 3இசட்இசட் எஞ்சின். சிஓஇயை (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமம்) பத்தாண்டுக்குப் புதுப்பித்து ஓட்டுகிறேன். சாலை வரியில் ஏற்கெனவே 50 விழுக்காடு கூடுதல் கட்டுகிறேன் என்பதால் வண்டியில் போடும் ஒவ்வொரு வெள்ளியும் வலிக்கிறது.

கொஞ்ச காலமாகக் காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சோம்பலாக ‘ஊ... ஊ...’ என்று இழுக்கும். பேட்டரி பழசு என்று சொல்லிப் புதிதாக 55பி24எல் போட்டேன். சில வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான். தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் பேட்டரி மேல் டெஸ்டரை மாட்டினார்கள். எஞ்சின் ஓட, விளக்கும் ஏர்கானும் போட்டபடி பார்த்தால் 13.2 வோல்ட். “ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஜெனரேட்டர்) வீக்” என்று சொல்லி ரீகண்டிஷன் ஒன்றை மாட்டினார்கள். சில நூறு வெள்ளி போனது, பிரச்சினை போகவில்லை. இப்போது அதே பட்டறை, ஸ்டார்ட்டரை மாற்ற வேண்டும் என்கிறது.

டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு ஒருமுறைகூட எரிந்ததில்லை. போன வாரம் தேக்கா பக்கம் நின்றுபோய், ஜம்ப் ஸ்டார்ட் ஆள் வந்துதான் கிளப்பினார். சிம் லிம் டவரில் ஒரு மல்டிமீட்டர் வாங்கிவிட்டேன். எந்த முனையை எங்கே வைத்து எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் அடுத்த பணத்தை இறைப்பதற்கு முன் நானே பார்த்துவிடுவேன்.

சிவிக்_வேலன் | திங்கள், இரவு 11:05

ப்ரோ, ஓபியூ (சாலைக் கட்டணம் பிடிக்கும் புதுக் கருவி) பொருத்தினீர்களா? அதற்குப் பிறகுதான் இது ஆரம்பித்ததா என்று யோசித்துப் பாருங்கள். என் நண்பர் வட்டத்தில் எல்லாரும் இதையே சொல்கிறார்கள். நிறுத்தி வைத்திருக்கும்போதே ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது.

தோபாயோ_அங்கிள் | செவ்வாய், காலை 6:20

தம்பி, இதற்கு மீட்டரே வேண்டாம். எஞ்சினை ஓட விட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று. எஞ்சின் நின்றால் ஆல்டர்னேட்டர் அவுட். ஓடினால் நல்லது. பேருந்துப் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் இப்படித்தான் பார்ப்போம். மோரிஸ் மைனர், ஆஸ்டின் எல்லாம் ஒரு நிமிட வேலை.

வயர்மேன்77 | செவ்வாய், காலை 7:15

அங்கிள் மன்னிக்க வேண்டும், ஈசூன் நண்பர் இதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம்.

மோரிஸ் மைனரில் இருந்தது டைனமோ, பழைய வகை ஜெனரேட்டர். அந்த வண்டியில் கம்ப்யூட்டர் கிடையாது, கழற்றினால் பெரிதாக எதுவும் கெடாது. ஆல்டர்னேட்டர் 1960இல் கிரைஸ்லரின் வேலியன்ட் வண்டியோடு பரவ ஆரம்பித்த சங்கதி. அது 40 ஆம்பியர் தள்ளிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிடுங்கினால், உள்ளே சுழலும் காந்தப்புலம் சட்டென்று அடங்காது. அந்தச் சில நூறு மில்லி விநாடியில் வோல்டேஜ் 80ஐக்கூடத் தொடலாம். அதை விழுங்குவதற்குப் பேட்டரியும் இல்லை. எஞ்சின் கம்ப்யூட்டர், ஏர்பேக் யூனிட், ஆல்டர்னேட்டரோடு புதிதாகப் போட்ட ரெகுலேட்டர் (வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது) எல்லாம் அந்த வழியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. நல்லபடியாகத் தப்பித்தாலும் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. பாதி திறனில் கிடக்கும் ஆல்டர்னேட்டர்கூட ஐடிலில் எஞ்சினை ஓட்டிவிடும்.

சரி, மீட்டருக்கு வருவோம். சிவப்பு வயர் ‘வோல்ட்’ துளையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 10 ஆம்பியர் துளையில் இருக்க, அப்படியே பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட். டிசி 20 வோல்ட்டில் வைத்துக்கொண்டு இவற்றை எழுதி அனுப்புங்கள்:

காலையில், வண்டியைத் தொடுவதற்கு முன், பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே எவ்வளவு. 12.6க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது, 12.4 முக்கால், 12.2 அரை, 12.0 என்றால் கால் பங்குதான். முந்தைய இரவு ஓட்டி வந்து அதிக நேரம் ஆகவில்லை என்றால் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு அளக்கவும். இல்லாவிட்டால் மேலோட்டமாக ஒட்டியிருக்கும் சார்ஜ் பொய்யான எண்ணைக் காட்டும்.

அடுத்தது, வேறொருவர் சாவியைத் திருப்பும்போது அதே முனைகளில் எவ்வளவுக்கு இறங்குகிறது. இதை மறக்காதீர்கள், முக்கியமானது.

பிறகு எஞ்சின் ஓடும்போது, எல்லாவற்றையும் அணைத்து ஒன்று, எல்லாவற்றையும் போட்டு ஒன்று. எல்லாவற்றையும் என்றால் ஹை பீம், ஏர்கான், காற்று விசிறி முழு வேகம், பின்கண்ணாடிச் சூடேற்றி. நம் ஊரில் அந்தச் சூடேற்றியை யாரும் தொடுவதே இல்லை, ஆனால் சோதனைக்கு அதைவிட நல்ல சுமை கிடையாது.

வேலன், ஓபியூவை இப்போதைக்கு விட்டுவிடுவோம். நிறுத்திய வண்டி 50 மில்லிஆம்பியர் வரை இழுப்பது சாதாரணம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான் போகும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியை ஒரே இரவில் அது கொல்லாது. அளந்துதான் பார்க்கிறோமே, அப்போது தெரியும்.

பூன்லே_மாலா | செவ்வாய், மதியம் 12:50

பெல்ட்டைப் பார்த்தீர்களா? மழை நாளில் காலையில் கிறீச் என்று கத்துகிறதா? என் பழைய வண்டியில் பெல்ட் டென்ஷனர்தான் போயிருந்தது. இந்த எஞ்சின் வகையில் அந்த டென்ஷனரின் எண்ணெய்த் தண்டு கசியும், பெல்ட் தளரும், ஆல்டர்னேட்டர் பாதி வேகத்தில் சுற்றும். இன்னொன்று, சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பினால் பேட்டரி விளக்கு எரிகிறதா? ‘ஒருமுறைகூட எரிந்ததில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயும் எரியாவிட்டால் அது நல்ல செய்தி இல்லை.

வயர்மேன்77 | செவ்வாய், மதியம் 1:10

மாலா சொன்னது சரியான கேள்வி. பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் விழித்தெழ முதல் கரண்ட் அந்த விளக்கின் வழியாகத்தான் போகிறது. விளக்கு செத்தால், எச்சரிக்கையும் இருக்காது, சில நேரம் சார்ஜும் இருக்காது.

ஈசூன்_ஆல்டிஸ் | புதன், இரவு 9:30

அளந்துவிட்டேன். சாவியைத் திருப்ப மனைவி உதவினார்.

காலையில் 12.28
ஸ்டார்ட் அடிக்கும்போது 10.9 (இழுப்பு மட்டும் அதே சோம்பல்)
ஓடும்போது, எல்லாம் அணைத்து 13.92
ஓடும்போது, எல்லாம் போட்டு 13.2

சாவி ‘ஆன்’ நிலையில் பேட்டரி விளக்கு எரிகிறது, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறது. பெல்ட் கத்துவதில்லை. கையால் அழுத்தினால் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

பட்டறை சொன்ன அதே 13.2தான் வருகிறது. ஆக, மாட்டிய ரீகண்டிஷனும் வீக் பீஸா?

சிவிக்_வேலன் | புதன், இரவு 9:41

கண்டிப்பாக வீக் பீஸ். ரீகண்டிஷன் என்றாலே கார்பன் பிரஷ்ஷை மாற்றிப் பெயின்ட் அடித்துத் தருவதுதானே. வாரன்ட்டி இருந்தால் திருப்பிக் கொடுங்கள். அல்லது ஜொகூர் பாருவில் நல்ல கடை ஒன்றில் கொடுத்துப் பாருங்கள்.

வயர்மேன்77 | புதன், இரவு 10:25

பொறுங்கள். இந்த எண்களில் ஒன்று மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. அந்த 10.9.

பேட்டரி செத்திருந்தால், அல்லது ஸ்டார்ட்டர் உள்ளே இறுகி அதிகக் கரண்டை இழுத்தால், ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் 9.6க்குக் கீழே போயிருக்கும். உங்களுடையது பாதிதான் நிறைந்த பேட்டரி, ஆனாலும் 10.9இல் நிற்கிறது. ஆக, பேட்டரியிலிருந்து பெரிய கரண்ட் எதுவும் வெளியே போகவே இல்லை. ஸ்டார்ட்டர் கேட்கிறது, பேட்டரியிடம் கொடுக்க இருக்கிறது, நடுவில் எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

ஓடும்போது வரும் எண்களும் அதையே சொல்கின்றன. சுமை குறைவாக இருந்தால் 13.92, கூடினால் 13.2. ஆல்டர்னேட்டர் திணறினாலும் இப்படி இறங்கும், நடுவில் தடை இருந்தாலும் இப்படித்தான் இறங்கும். பேட்டரி மேல் மட்டும் மீட்டரை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. உங்கள் பட்டறை நின்ற இடம் அதுதான்.

ஆகவே அடுத்த சோதனை வோல்டேஜ் இழப்பு. எஞ்சின் ஓட வேண்டும், எல்லாச் சுமையும் போட்டிருக்க வேண்டும். கரண்ட் ஓடாத கம்பியில் இழப்பும் இருக்காது.

முதலில் ஆல்டர்னேட்டரின் பின்னால் ரப்பர் மூடிக்கு உள்ளே இருக்கும் தடித்த போல்ட்டுக்கும் (பி பிளஸ்) ஆல்டர்னேட்டரின் வெற்று உலோக உடம்புக்கும் இடையே எவ்வளவு. இதுதான் ஆல்டர்னேட்டர் உண்மையில் தருவது.

அடுத்து அதே போல்ட்டிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு. 0.3க்குள் இருந்தால் சரி.

கடைசியாக ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு. 0.2க்குள் இருக்க வேண்டும். நல்ல வண்டியில் 0.1கூட வராது.

பெல்ட் பக்கத்தில் கை, சட்டைக் கை, சங்கிலி எதுவும் போகக்கூடாது. ரேடியேட்டர் விசிறி சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும். பி பிளஸ்ஸில் ஸ்பேனரோ மீட்டர் முனையோ எஞ்சின் உலோகத்தோடு சேர்ந்து பட்டால் தீப்பொறி பறக்கும். அந்தப் போல்ட்டில் எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கிறது.

சிவிக்_வேலன் | புதன், இரவு 10:52

அண்ணே ஒரு சந்தேகம். டொயோட்டா ஆல்டர்னேட்டர் சாக்கெட்டில் மூன்று வயர் வரும்: ஐஜி, எல், எஸ். அந்த எஸ் வயர் பேட்டரி பக்கத்து வோல்டேஜைப் பார்த்து ரெகுலேட்டருக்குச் சொல்கிறது. நடுவில் இழப்பு இருந்தால் ரெகுலேட்டர் அதற்கு ஈடாகக் கூட்டிக் கொடுத்து, பேட்டரியில் 14 வரும்படி செய்துவிட வேண்டுமே? 13.2இல் நிற்பதால் ஆல்டர்னேட்டரால் முடியவில்லை என்றுதானே அர்த்தம்?

வயர்மேன்77 | புதன், இரவு 11:20

அருமையான கேள்வி. இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நீங்கள் சொல்வது பாசிட்டிவ் பக்க இழப்புக்கு முழுக்கச் சரி. எஸ் வயர் பார்ப்பது பேட்டரி பாசிட்டிவை. பி பிளஸ் கேபிளில் 1 வோல்ட் தொலைந்தால் ரெகுலேட்டர் அதைக் கண்டு, ஆல்டர்னேட்டரை 15க்கு மேல் தள்ளி ஈடுகட்டப் பார்க்கும்.

ஆனால் வோல்டேஜ் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ளது. எஸ் வயர் ஒரு புள்ளி. ரெகுலேட்டருக்கு இன்னொரு புள்ளி எது? ஆல்டர்னேட்டரின் சொந்த உடம்பு. பேட்டரி நெகட்டிவ் இல்லை! எர்த் பக்கத்தில், அதாவது ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே, 0.9 தொலைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர் தன் உடம்பிலிருந்து எஸ் வரை 14.1 இருப்பதைப் பார்த்து, “எல்லாம் சரி” என்று நிம்மதியாக இருக்கும். பேட்டரி தன் இரு முனைகளுக்கு இடையே 13.2தான் வாங்கும். பேட்டரி விளக்கும் எரியாது, ஏனென்றால் ஆல்டர்னேட்டரைப் பொறுத்தவரை குறை எதுவும் இல்லை.

அதனால்தான் நான் எர்த் பக்கம் சாய்கிறேன். ஆனால் அளக்காமல் சொல்ல மாட்டேன்.

தோபாயோ_அங்கிள் | வியாழன், காலை 6:05

வயர்மேன் தம்பி, டைனமோ விஷயம் ஒப்புக்கொள்கிறேன், உன் காலத்து வண்டி வேறு. ஆனால் ஈசூன் தம்பியிடம் ஒரு கேள்வி. தேக்காவில் ஜம்ப் போட்டாரே அந்த ஆள், கறுப்புக் கிளிப்பை எங்கே மாட்டினார்? பேட்டரி மேலா, எஞ்சின் மேலா?

ஈசூன்_ஆல்டிஸ் | வியாழன், காலை 8:30

அங்கிள், எஞ்சினைத் தூக்கும் கொக்கி ஒன்று இருக்கிறதல்லவா, அதில்தான். தொட்ட மாத்திரத்தில் சர்ரென்று கிளம்பியது. வண்டி வாங்கியதிலிருந்து அப்படி வேகமாகக் கிளம்பியதே இல்லை என்று மனைவி சொன்னார். அதற்கு முந்தைய தடவை அண்டை வீட்டுக்காரர் தன் வேனிலிருந்து கொடுத்தபோது கறுப்பைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டினார். அன்று ரொம்ப நேரம் போராடித்தான் எழுந்தது. வேன் பேட்டரி சரியில்லை போல என்று விட்டுவிட்டேன்.

தோபாயோ_அங்கிள் | வியாழன், காலை 8:44

அப்படியானால் எர்த். எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உள்ள கேபிள். மீட்டரை வைத்து உறுதிப்படுத்திக்கொள். நான் வைத்திருக்கும் மீட்டர் சுங்கை ரோடு சந்தையில் வாங்கியது. 2017இல் சந்தையையே மூடிவிட்டார்கள், மீட்டர் இன்னும் ஓடுகிறது.

வயர்மேன்77 | வியாழன், காலை 9:02

அங்கிளுக்கு ஒரு சலாம். என் அளவுகள் வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்.

ஈசூன், காசு செலவில்லாத ஒரு சோதனை: ஜம்ப் கேபிளின் கறுப்புக் கம்பி ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு முனையை உங்கள் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை அந்தக் கொக்கியிலும் மாட்டுங்கள். வேறு வண்டி தேவையில்லை. வண்டி சுறுசுறுப்பாகக் கிளம்பினால் வழக்கு முடிந்தது.

ஓம் அளவில் கேபிளைச் சோதிக்க வேண்டாம். நீங்கள் தேடும் தடை 0.02 ஓம் அளவில் இருக்கும், சாதாரண மீட்டரின் சொந்த வயரிலேயே அதைவிட அதிகம் உண்டு. நூறு இழையில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் ‘பீப்’ என்று சத்தம் போட்டு நல்லது என்று சொல்லிவிடும். அந்த ஒற்றை இழை ஸ்டார்ட்டருக்குப் போதுமா என்பதை அது சொல்லாது.

ஈசூன்_ஆல்டிஸ் | வெள்ளி, இரவு 10:15

எல்லாச் சுமையும் போட்டு அளந்தது:

பி பிளஸ் முதல் ஆல்டர்னேட்டர் உடம்பு வரை: 14.30
பி பிளஸ் முதல் பேட்டரி பாசிட்டிவ் வரை: 0.18
ஆல்டர்னேட்டர் உடம்பு முதல் பேட்டரி நெகட்டிவ் வரை: 0.92

ஸ்டார்ட் அடிக்கும்போது எஞ்சின் உடம்பிலிருந்து நெகட்டிவ் வரை: 2.8!

கறுப்பு ஜம்ப் கம்பியை மட்டும் மாட்டிப் பார்த்தேன். பட்டென்று கிளம்பியது. மனைவி கைதட்டினார். நானும் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நெகட்டிவிலிருந்து இரண்டு கேபிள் போகிறது. ஒன்று பாடிக்கு, அது நன்றாக இருக்கிறது. இன்னொன்று பேட்டரித் தட்டுக்குக் கீழே கியர்பாக்ஸில் போய் முடிகிறது. அந்த முனையின் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) கையால் ஆட்டினால் ஆடுகிறது, பச்சைப் பொடி உதிர்கிறது.

வயர்மேன்77 | வெள்ளி, இரவு 10:40

13.2, 0.18, 0.92 மூன்றையும் கூட்டிப் பாருங்கள். சரியாக 14.30. கணக்கு ஒரு பைசாகூட உதைக்கவில்லை, அளந்தவர் ஒழுங்காக அளந்திருக்கிறார்.

விளக்கு, விசிறி, சூடேற்றி எல்லாம் பாடியில் எர்த் ஆனவை. அவற்றின் கரண்டும் பேட்டரியை நிரப்பும் கரண்டும் ஆல்டர்னேட்டருக்குத் திரும்ப இருக்கும் ஒரே நல்ல பாதை அந்தக் கியர்பாக்ஸ் கேபிள். ஸ்டார்ட்டரும் அதையே நம்பியிருக்கிறது. 45 ஆம்பியரில் 0.9 போனால், 140 ஆம்பியரில் 2.8 போகத்தான் செய்யும். ஸ்டார்ட்டருக்கு மிஞ்சுவது 8 வோல்ட். பாவம், அது ‘ஊ... ஊ...’ என்று அழாமல் என்ன செய்யும்.

இனி வேலை. லக்கை மட்டும் சுரண்டிச் சுத்தம் செய்து திருப்பி மாட்டாதீர்கள். பச்சை, ரப்பர் உறைக்கு உள்ளேயும் ஏறியிருக்கும். முழுக் கேபிளையும் மாற்றுங்கள். 25 சதுர மி.மீ. செம்புக் கேபிள், இரு முனையிலும் ஹைட்ராலிக் கருவியால் அழுத்திய லக், மேலே பசையுள்ள சுருங்கும் குழாய். சுத்தியலால் தட்டிய லக் நம் ஊர் ஈரத்தில் மறுபடி இதே கதைக்கு வரும். கியர்பாக்ஸில் போல்ட் உட்காரும் இடத்தை உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, மாட்டிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும்.

பூன்லே_மாலா | சனி, காலை 10:20

கேபிள் மாற்றினாலும் பேட்டரி பாதிதானே நிறைந்திருக்கிறது? ஈசூனிலிருந்து தேக்கா போய் வந்தால் நிறைந்துவிடுமா?

வயர்மேன்77 | சனி, காலை 11:00

நிறையாது. அரைகுறை பேட்டரியை நிரப்பும் வேலையை ஆல்டர்னேட்டரின் தலையில் கட்டக் கூடாது. நகரத்தில் சின்னச் சின்னப் பயணம் என்றால் வாரக்கணக்கில் இழுக்கும், அதற்குள் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். சார்ஜரில் போட்டு, இரவு முழுக்க மெதுவாக நிரப்புவதுதான் முறை.

வீவக (அரசு அடுக்குமாடி வீடு) மாடியில் இருப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. கார் நிறுத்தத்தில் பிளக் பாயின்ட் இல்லை. பேட்டரியைக் கழற்றி, சந்தைக்குக் கொண்டுபோகும் டிராலியில் நிற்க வைத்து மேலே கொண்டுபோக வேண்டும். 12 கிலோ இருக்கும், சாய்க்கக் கூடாது. சமையலறையில், அடுப்புப் பக்கத்தில் வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். சன்னல் திறந்த இடம் வேண்டும். சார்ஜர் கிளிப்பை மாட்டும்போதும் கழற்றும்போதும் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும்.

தோபாயோ_அங்கிள் | சனி, பகல் 12:15

பேட்டரிக் கடையில் கொடுத்தால் அவர்களே சார்ஜ் போட்டுத் தருவார்கள். நான் அப்படித்தான் செய்வேன். என் வயதில் 12 கிலோவை லிஃப்டில் ஏற்றும் ஆசை இல்லை.

ஈசூன்_ஆல்டிஸ் | புதன், இரவு 9:10

கேபிள் மாற்றியாயிற்று. கப்பல் மின்வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அளவெடுத்து அழுத்திக் கொடுத்தார். பழைய கேபிளின் உறையைக் கத்தியால் கிழித்துப் பார்த்தோம். லக்கிலிருந்து ஒரு சாண் தூரம் வரை உள்ளே பச்சையும் கறுப்பும்தான். பேட்டரியையும் இரவு முழுக்க சார்ஜில் போட்டேன். மாமியார் வீட்டு பால்கனி கைகொடுத்தது.

காலையில் 12.68
எல்லாச் சுமையுடன் பேட்டரி முனைகளில் 14.1
எர்த் பக்க இழப்பு 0.04

ஒன்று மட்டும் புரியவில்லை. ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் இப்போது 10.3 காட்டுகிறது. முன்பு 10.9 இருந்தது. பேட்டரி நிறைந்திருக்கும்போது ஏன் குறைய வேண்டும்? வண்டியோ சாவியைத் தொட்டதும் கிளம்புகிறது.

வயர்மேன்77 | புதன், இரவு 9:35

கவலை வேண்டாம், அது நல்ல அறிகுறிதான். முன்பு கேபிள் தடுத்ததால் ஸ்டார்ட்டரால் 140 ஆம்பியர்தான் எடுக்க முடிந்தது. இப்போது தனக்கு வேண்டிய 190ஐ எடுக்கிறது, அதற்கேற்பப் பேட்டரி கொஞ்சம் கூட இறங்குகிறது. 9.6க்கு மேல் இருக்கும்வரை சிரித்துக்கொண்டே ஓட்டுங்கள்.

நீண்ட தூரம் ஓட்டிச் சூடான பிறகு 13.8 பக்கம் காட்டினாலும் பயப்பட வேண்டாம். வெப்பம் ஏற ஏற ரெகுலேட்டரே கொஞ்சம் இறக்கும். 14.8ஐத் தாண்டினால்தான் அடுத்த தலைவலி.

நேரம் கிடைத்தால் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஒருமுறை பாருங்கள். 0.5க்கு மேல் வந்தால் ஆல்டர்னேட்டருக்கு உள்ளே டயோடு ஒன்று போயிருக்கலாம். ரீகண்டிஷன் என்பதால் சொல்கிறேன்.

ஈசூன்_ஆல்டிஸ் | புதன், இரவு 9:58

ஏசியில் 0.03. நிறுத்தி வைத்து இழுக்கும் கரண்டையும் பார்த்தேன், கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு அளந்ததில் 28 மில்லிஆம்பியர். ஓபியூ நிரபராதி, வேலன்.

பூன்லே_மாலா | வியாழன், காலை 7:40

அந்தப் பட்டறையிடம் ஆல்டர்னேட்டர் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்! பழைய ஆல்டர்னேட்டரையும் அவர்கள்தானே வைத்துக்கொண்டார்கள்? அது நல்ல பீஸ். ரீகண்டிஷன் லேபிள் ஒட்டி இன்னொருவருக்கு விற்றிருப்பார்கள்.

ஈசூன்_ஆல்டிஸ் | வியாழன், காலை 8:15

போய்ப் பேசினேன். எண்களை எழுதிய தாளையும் அறுத்த கேபிளையும் தவுக்கேயின் (பட்டறை முதலாளி) மேசையில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பணம் திரும்ப வராது, அடுத்த சர்வீஸில் கூலி வாங்க மாட்டேன் என்றார். ஏற்றுக்கொண்டேன். வண்டி பத்து வயதைத் தாண்டியதால் ஒவ்வோர் ஆண்டும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அதற்கு முன் ஒரு சர்வீஸ் எப்படியும் வேண்டும்.

சிவிக்_வேலன் | வியாழன், இரவு 8:20

இதையெல்லாம் படித்துவிட்டு நானும் என் சிவிக்கில் (2008, 1.8) மீட்டரை வைத்தேன். எஞ்சின் ஓடும்போது 12.6! எர்த் பக்க இழப்பு 0.02, பாசிட்டிவ் பக்கம் 0.03. கேபிள் எல்லாம் நன்றாக இருக்கிறது. அப்படியானால் எனக்கு நிஜமாகவே ஆல்டர்னேட்டர் போய்விட்டதா? சனிக்கிழமை பட்டறையில் நேரம் வாங்கிவிட்டேன்.

வயர்மேன்77 | வியாழன், இரவு 8:45

என்னென்ன போட்டிருந்தீர்கள்? ஒன்றும் இல்லாமல் சும்மா ஐடிலில் அளந்தீர்களா?

ஹோண்டாவில் எஞ்சின் அறை ஃபியூஸ் பெட்டிக்குள் மின்சுமையை உணரும் சின்னப் பாகம் ஒன்று உண்டு. சுமை குறைவு, பேட்டரியும் நலம் என்றால் எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரை 12.4க்கும் 12.9க்கும் நடுவில் இறக்கி வைக்கும். சுமை ஏறினால் 14க்கு மேல் தூக்கும். இது தெரியாமல் நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் போட்ட சிவிக்குகள் ஏராளம். ஹெட்லைட்டும் புளோயரும் முழுதாகப் போட்டு மறுபடி பாருங்கள்.

சிவிக்_வேலன் | வியாழன், இரவு 9:05

கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடி எல்லாம் போட்டதும் 14.4க்கு ஏறியது. அணைத்துக் கொஞ்ச நேரத்தில் மறுபடி 12.6. சனிக்கிழமை பட்டறை நேரத்தை இப்போதே ரத்து செய்கிறேன்.